இருபத்தைந்து மீட்டர்

செப்டம்பர் 4, வியாழன்

மகள் யாசென்கா புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகிறது. பின்தோட்டத்தில் பூசணி போட்டிருந்த பாதியை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தேன். இப்போது பூசணிக்கொடி இருந்த இடத்தில் அவளுடைய சமையலறை ஜன்னல். காலையில் அதைத் திறந்து, "அம்மா! உன் சேவல் கூவற கூவல்ல என் அலாரத்துக்கு வேலையே போச்சு!" என்று கத்தினாள். அந்தச் சேவலுக்கு இன்று ஒரு பிடி சோளம் கூடுதலாகப் போட்டேன்.

செப்டம்பர் 9

நகராட்சிக் கடிதம். புது வீட்டைச் சோதிக்க வந்தவர் என் கோழிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். அடுத்தவர் வீட்டிலிருந்து கூடு இருபத்தைந்து மீட்டர் தள்ளி இருக்கவேண்டுமாம். என் கூடு பதினொரு மீட்டரில் இருக்கிறதாம். எந்த அடுத்தவர் வீடு? என் மகள் வீடு! பெற்ற மகள் எனக்கு அடுத்தவளா? அக்டோபர் முடிவதற்குள் கூட்டைக் காலி செய்யவேண்டும்.

செப்டம்பர் 10

யாசென்கா சம்மதக் கடிதம் எழுதிக்கொடுத்தாள். எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினேன். அலுவலகப் பெண் திஹானா அதைத் தொடக்கூட இல்லை.

"பாரிட்சா அக்கா, ஒன்பதாவது விதி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். 'அக்கம்பக்கத்தாரின் சம்மதக் கடிதம் செல்லாது.' என் வாக்கியம் அது. மூன்று வருடத்துக்கு முன் ப்ளாஷ் ஊர் நடுவில் இருநூறு வாத்து வளர்த்தார். வீட்டுக்கு ஒரு வாத்தைக் கொடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். கோழி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்று விதி எழுதும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். 'இந்த ஒரு வரியைச் சேருங்க, அப்புறம் அவர் எப்படித் தப்பிப்பார்னு பார்க்கறேன்' என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

ப்ளாஷ் வாத்துகளைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 12

யாசென்கா அழுதாள். நான் அழவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவேன்?

செப்டம்பர் 21

கூட்டை முன்னால் நகர்த்தினால் இடப்பக்கத்து வீடு இடிக்கிறது. பின்னால் இடமே இல்லை. நிலத்தைத் திரும்ப என் பெயருக்கு மாற்றவும் வழியில்லை, யாசென்காவின் வீட்டுக்கடன் முடியும்வரை வங்கி விடாது. மறுபடி நாடா பிடித்து அளந்தேன். பதினொன்று. தெரிஞ்ச சாமியையெல்லாம் கும்பிட்டுட்டு அளந்தா கூடிடுமா? பைத்தியக்காரி.

அக்டோபர் 3

பதினெட்டாம் தேதி தீயணைப்பு நிலையக் கூடத்தில் சங்கத்தின் ஏலம். பட்டியல் எழுதுவது செயலாளர் வேலை. எழுதினேன்: அடைகாக்கும் பெட்டி ஒன்று, தீவனத் தொட்டி நான்கு. சேவல் ஒன்று, பெட்டைகள் பதினாறு — கௌதாரி நிறம், பிரிக்காமல் ஒரே ஏலம். கடைசி வரியை எழுத அரை நாள் ஆயிற்று. பன்னிரண்டு வருடமாகக் கலப்பில்லாமல் காப்பாற்றிய வம்சம். ஒன்றாக இருக்கட்டும், யாராவது வளர்க்கட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 18, சனி

பெட்டியும் தொட்டிகளும் சட்டென்று போயின. கோழிகளைக் கொண்டுவந்ததும் உணவகக்காரர் ஒருவர் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு பெட்டையின் மார்பை அமுக்கிப் பார்த்தார். "சதை கம்மி. சூப்புக்கு ஆகும்" என்று சொல்லி ஏலம் கேட்டார். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. விற்பவரே ஏலம் கேட்கக் கூடாது என்பது விதி. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு தரம். இரண்டு தரம். கடவுளே, யாராவது —

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ப்ளாஷ்.

உணவகக்காரர் ஏற்றினார், ப்ளாஷும் ஏற்றினார். கடைசியில் உணவகக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனார்.

கூண்டை வண்டியில் ஏற்றும்போது ப்ளாஷ் என்னிடம் வந்தார். "இந்த ஊர்ல சட்டப்படி கூடு வச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான், பாரிட்சா. எல்லாம் நீ பண்ண ஏற்பாடு." குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அக்டோபர் 19

கூட்டைக் கழுவினேன்.

நவம்பர் 2

நேற்று புனிதர்கள் திருநாள், கல்லறைத் தோட்டத்துக்கு விளக்கேற்ற வந்த எல்லோரும் என் கோழிகளைப் பற்றித்தான் கேட்டார்கள். இன்று காலை கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சேவல் கூவியது. எங்கள் சேவல்தான், முடிவில் கொஞ்சம் இழுக்கும். யாசென்காவும் ஜன்னலைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 16

யாசென்கா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ப்ளாஷ் மாமா கொடுத்துவிட்டார். உன் கையெழுத்து வேணுமாம்."

சங்கத்தில் சேரும் மனு. உறுப்பினருக்குத்தான் வளர்ப்பவரின் எண் பொறித்த கால் வளையம் கிடைக்கும். குஞ்சாக இருக்கும்போதே மாட்டவேண்டும், அதன்பிறகு வெட்டினால்தான் கழலும். அந்தப் பதினேழு பேர் காலிலும் என் எண் இருக்கிறது.

'அடுத்த வீட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள தூரம்' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் நானூறு மீட்டர் என்று எழுதியிருந்தார்.

தவறு எதுவும் இல்லை. எல்லாம் விதிப்படி. செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுகளின் காலில் அவர் எண் இருக்கும்.