ஜீப்பிலிருந்து உயர்ந்த கை

மச்சான்,

இன்று காலை எங்கள் செனாவாங் வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரம் யாரோ புல்லுக்கு மருந்து அடித்தார்கள். வாடை உள்ளே வந்ததும் பாக்கியம் வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "உங்க மண்டோரு வந்துட்டாரான்னு எட்டிப் பாருங்க" என்றாள். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. அந்த வாடை வந்தால் அவளுக்கு இன்னும் நீதான் மண்டோர்.

அந்தக் காலத்தில் பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களை மேய்த்த கங்காணி நீ. முகத்துக்குக் கவசமோ கண்ணாடியோ அவர்களுக்குத் தரப்படவில்லை. தினமும் துரையின் ஜீப் வரும். முதுகில் பம்பைச் சுமந்து வெறும் முகத்தோடு நிற்கும் பெண்களைப் பார்ப்பார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் குழாய் வெடித்தது. மருந்து என் மனைவி பாக்கியத்தின் வலது கண்ணில் பீய்ச்சி அடித்தது. நீதான் லோரியில் போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாய். பார்வை திரும்பவில்லை.

ஆபீசில் விசாரணை நடந்தது. துரை எழுந்து, இப்படிப்பட்ட வேலையை நிர்வாகம் 'கண்டோன்' செய்வதில்லை என்று இங்கிலீஷில் சொன்னார்.

"என்னா மச்சான் சொல்றான்?" என்று என் காதைக் கடித்தாய். பழைய பேப்பர் படித்தே இங்கிலீஷ் கற்றவன் நான். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"தப்புன்னு தெரியும். தடுக்கவும் முடியும். தெரிஞ்சும் தப்பே இல்லாத மாதிரி விட்டுடறது. அப்படி விடமாட்டாராம்."

"அடேய், அப்ப தெனமும் ஜீப்புல கையத் தூக்கிட்டுப் போனாரே, அது என்னாவாம்?"

"அதத்தான் சத்தமா சொல்லுடா."

உன்னை எழுந்து நிற்கவைத்துக் கேட்டார்கள்: துரைக்குத் தெரியுமா? நீ தரையைப் பார்த்தாய்.

"தொரைக்குத் தெரியாதுங்க."

அன்று சாயங்காலமே ஒரு பப்பாளியோடு வந்து நின்றாய். "புள்ளைங்க இருக்கு மச்சான். வீடும் தோட்டத்து வீடு. விட்டுடேன்லா." பாக்கியம் ஒரு கண்ணைக் கட்டியபடியே உனக்குக் காப்பி கலக்கினாள். "பொய் சொல்லிட்டீங்கண்ணே. சரி, குடிங்க" என்றாள். அது மன்னிப்பு. தவறைத் தவறென்று சொல்லிவிட்டுக் கொடுப்பது. நீ என்னிடம் கேட்டது வேறு. நடக்கவேயில்லை என்பதுபோல இருக்கச் சொன்னாய். அதை நான் தரவில்லை.

பிறகு எத்தனை பேச்சில் அந்தக் 'கண்டோன்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டேன்! எப்போதும் 'இல்லை'யைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. மேடையில் எவனும் அதைச் செய்வதில்லை. ஜீப்பில் போகும்போதுதான் செய்கிறான்.

நாங்கள் செனாவாங் வந்த பிறகும் நீ மோட்டாரில் வந்து காப்பி குடித்தாய். எல்லாம் பேசினோம். அந்த ஒன்றை நான் எடுத்தால் மட்டும் எழுந்து போகச் செருப்பைத் தேடுவாய்.

உன் கருமாதியில் உன் மகன், "மாமா, நல்லதா நாலு வார்த்தை" என்று மைக்கைக் கொடுத்தான். லோரியை நீ ஓட்டிய வேகத்தைச் சொன்னேன். விசாரணையில் நீ சொன்ன பொய்யையும் சொன்னேன். மைக்கைப் பிடுங்கிவிட்டான். உன் வீட்டார் இப்போது என்னோடு பேசுவதில்லை.

திரும்பும்போது காரில் பாக்கியம் கேட்டாள்: "செத்த மனுசன்கிட்டயுமா?"

"நீ சொல்லு. விட்டிருக்கணுமா?"

"வேணாம். விட்டா, என் கண்ணு சும்மா போன மாதிரி ஆயிடும்."

இன்று அவள் சொன்னபடி எட்டிப் பார்த்தேன். மருந்தடித்தவன் ஒரு பங்களாதேஷ்காரன், கவசமில்லாமல் வாயில் சட்டைத் துணியைக் கடித்திருந்தான். மேற்பார்வைக்காரன் காரில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

மச்சான், என் முட்டி வலி உனக்குத் தெரியும். ஆனாலும் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவன் இறங்கி, பின்பெட்டியைத் திறந்து, உறை பிரிக்காத கண்ணாடியையும் கவசத்தையும் எடுத்து அந்த மருந்தடிப்பவனிடம் கொடுக்கும்வரை நகரவில்லை.