அசனமும் ஆசனமும்

அக்கா,

நம் அசனப் பந்தியை எழுப்பிவிட்டார்கள். ரோட்டோரம் படுப்பவர்கள் இனிச் சபைக் கோயில் மண்டபத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம். வாசலிலேயே பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இது தப்பு. யார் எத்தனை விதமாகச் சொன்னாலும் தப்புதான்.

இன்று ஆராதனை முடிந்ததும் அப்படியொரு பொட்டலம் என் கைக்கு வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் கத்தரிக்காய்ச் சாம்பாரின் ஆவி வெளியேற வழியில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். அந்த வாசனையில் தாராவிச் சந்தும் இரும்பு கேட்டும் ஹாரன் சத்தமும் மெல்லக் கரைந்துபோயின. நீங்கள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். புகையில் முகம் தெரியவில்லை. அகப்பை பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, என்னத்த வாயப் பாத்துட்டு நிக்க? பாய விரி."

ஊர்க் கோயிலில் அசனம் வருஷத்துக்கு ஒருமுறைதான். சபையார் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவது. நீங்கள் அதை இங்கே ஞாயிறுதோறும் நடத்தினீர்கள், பாலத்தடியில் படுப்பவர்களையும் வரிசைக்குள் சேர்த்து.

சாந்தாபாய் வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? குடிசையை இடித்துவிட்டார்கள் என்று மூட்டையோடு வாசலில் நின்ற மராட்டிக்காரி. நீங்கள் உள்ளே கைகாட்டி, "அசனம், அசனம்" என்றீர்கள். அவளுக்கு அது 'ஆசன்' என்று கேட்டது. அவள் பாஷையில் உட்காரும் இடம். யாரோ உட்காரச் சொல்கிறார்களே என்று தயங்கித் தயங்கிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்ததும் திகைத்துப்போனாள்.

"ஆசன் பி, கானா பி?"

இடமும் உண்டு, சாப்பாடும் உண்டா என்கிறாள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அவ சரியாத்தாம்ட்டி சொல்லுதா. உக்கார எடம் மொதல்ல. சோறு பொறவு."

அன்றைக்கே மாடி அறையின் உடைந்த பெஞ்சுகளை இறக்கிவிட்டு, மழைக்காலம் முடியும்வரை அவளை அங்கே தங்கவைத்தீர்கள். அந்த மழை நாட்களில் மண்டபத்துக்குள் ஒரு பச்சை வெளிச்சம் மிதக்கும். பாய் நீண்டுகொண்டே போவதுபோல் இருக்கும் எனக்கு. சுவரைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, மாட்டுங்கா வரைக்கும். சோற்றின் ஆவியில் யார் சபையார், யார் வந்தவர் என்று தெரியாது.

இப்போது மண்டபத்துக்குப் புது டைல்ஸ். மாடி அறை நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன்.

"சாப்பாடு கொடுக்கத்தான செய்றோம் ஆச்சி? டைல்ஸ்லாம் கறையாவுதுல்லா."

"சோத்துக் கறைதானல. தொடச்சாப் போவும். ஆண்டவரு கூட்டத்த உக்கார வச்ச பொறவுதான அப்பத்தப் பிட்டாரு?"

"அவங்க உக்காந்தது புல்தரை ஆச்சி."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆச்சிக்குப் பிடிவாதம்" என்றார் ஒருவர்.

"ஆமா. அதத் தொடைக்க முடியாது" என்றேன்.

சாந்தாபாய் இப்போது பாலத்தடியில்தான் படுக்கிறாள், அக்கா. மழைக்குப் பிறகு பிடித்த வாடகை அறையும் போய்விட்டது. தலை முழுக்க வெள்ளை. இன்று வாசலில் கொடுத்த பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை என் கையில் வைத்து, "ஆசன் கிதர் ஹை?" என்று கேட்டாள். இடம் எங்கே என்கிறாள். சாப்பிடாமலே போய்விட்டாள்.

ஆகவே சொல்கிறேன். செயலாளர் ஞாயிறு மதியம் மண்டபத்தைத் திறந்துவைக்க வேண்டும். போதகர் பாயில் முதல் ஆளாக உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கும் முழங்கால் மடங்கும். வாலிபர் சங்கத்தார் மழைக்கு முன்னால் மாடி அறை நாற்காலிகளை இறக்க வேண்டும். அந்த அறை சாந்தாபாய்க்கு வேண்டும். நான் பாயை விரிக்க வேண்டும்.

நீங்கள் விட்டுப்போன நீளப் பாய் என் கட்டிலுக்கடியில்தான் சுருண்டு கிடக்கிறது. கதவு திறக்காவிட்டால் வாசலில் விரிப்பேன். சாந்தாபாயை உட்காரவைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நானும் உட்காருவேன்.