ஜெருஷாவின் அம்மா ஊட்டிய ஒரு வாய்ச் சோறு

கிழக்கு கிட்வாய் நகர்,
தில்லி,
வியாழன் இரவு.

அன்புள்ள கனிக்கு,

இத்தனை நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணிப் போயிருந்தால் மன்னித்துக்கொள். அப்பாவும் ஜெகனும் கூலரைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்கள், எனக்குத்தான் கண் மூடவில்லை. இங்கே நாங்கள் மூவரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கோத்தகிரிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனை முகாம் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் கொடுக்கிறார்கள், அந்தப் பத்து நிமிஷத்திலும் முதல் பாதி அப்பாவுக்கு, மறு பாதி ஜெகனுக்கு, என் கைக்கு வரும்போது டொய்ங் என்று ஒரு சத்தம்தான் மிச்சம். அதனால் கடிதம். என் கையெழுத்தைப் படிக்க உனக்கு நேரமாகும் என்பாய், ஆகட்டும், மெதுவாகப் படி.

ஜெகன் பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து உன் கட்டிலில்தான் தூக்கம், உன் அலமாரியில் பாதியையும் பிடித்துவிட்டான். காய்கறி வண்டி பையா தினம் உங்கள் பொண்ணு எப்போது வருகிறாள் என்று கேட்கிறான், நானும் ஜல்தி ஜல்தி, சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதல் முகாம் முடிந்து கல்லூரி திறக்கிற வரை தில்லிக்கு வருவதாகச் சொன்னவள், இப்போது இரண்டாவது முகாமுக்கும் ஸ்டாஃபாக நிற்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய், அவரும் வழக்கம்போல அம்மாவைக் கேட்டுக்கோ என்று தள்ளிவிட்டு போனை ஜெகனிடம் கொடுத்துவிட்டார். உன் டிக்கெட் அப்படியே இருக்கிறது, கேன்சல் பண்ண நான் விடவில்லை. பொங்கலுக்கும் நீ வரவில்லை கனி, தீபாவளிக்குப் பார்த்த முகம்.

ஏன் நிற்க வேண்டுமாம் என்று கேட்டதற்கு, உன் அறையில் இருக்கும் ஜெருஷா என்கிற பிள்ளை அடுத்த முகாமுக்கும் இருக்கிறாளாம், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாம், லீவில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம், கனி அக்கா போனால் நானும் போய்விடுவேன் என்று அழுகிறாளாம் என்றார் அப்பா. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமை. ஒன்பது வயசுப் பிள்ளையோடு போட்டிக்கு நிற்கிறாளே என்று சிரிக்காதே. அதற்கு முந்தின வாரம் அதிசயமாக என் கைக்கு வந்த அரை நிமிஷத்தில் நீதான் சொன்னாய், அவள் ராத்திரி அழுதபோது முதுகில் விரலால் எழுத்து எழுதி என்ன எழுத்தென்று சொல்லச் சொன்னேன், தூங்கிவிட்டாள் என்று. நான் நல்லது கண்ணு என்றேன். அது பழைய வீட்டில் கரண்ட் போன ராத்திரிகளில் உனக்காக நான் கண்டுபிடித்தது, ஜெகனுக்குக்கூட நான் எழுதினதில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் என்று நினைத்து வைத்திருந்தேன், நீ அதை நேற்று வந்த பிள்ளைக்குப் பங்கு போட்டுவிட்டாய்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முகாம்காரர்கள் பெற்றோர் தினத்துப் படங்களைப் போட்டிருந்தார்கள், ஜெகன் காட்டினான். ஒரு படத்தில் நீ படியில் உட்கார்ந்திருக்கிறாய், மாம்பழக் கலர் புடவை கட்டின ஒரு அம்மா, ஜெருஷாவின் அம்மா என்று கீழே போட்டிருந்தது, தன் கையால் உனக்குப் பிரியாணி ஊட்டுகிறாள், நீயும் ஆவென்று வாயைத் திறந்திருக்கிறாய். பத்தாம் வகுப்பிலிருந்து நான் ஒரு வாய் எடுத்து நீட்டினால் நான் என்ன பாப்பாவா என்று கையைத் தட்டிவிட்டவள் நீ. வயிறு எரிந்துவிட்டது எனக்கு. உன் அப்பா சொல்கிறார், ஏன் சுஜா, புள்ள பட்டினி கெடந்தாலும் அழுவே, ஒருத்தி சோறு போட்டாலும் அழுவியா என்று. ஜெகன் அதற்கு மேல், அம்மா ஜூம் பண்ணிப் பண்ணி அந்த ஆன்ட்டி கையில் எத்தனை வளையல்னு எண்ணிட்டா என்று வாசல்வரை கேட்கும்படி சொல்லிச் சிரிக்கிறான்.

நடுவில் விஜயலக்ஷ்மி அத்தை கோபியிலிருந்து போன் பண்ணி, அது கிறிஸ்தவங்க நடத்துற முகாம், புள்ளையை வேதத்துல சேத்துருவாங்க, உடனே கூட்டிட்டு வந்துரு என்றார். நானும் கோவையில் சிஸ்டர்கள் நடத்தின கல்லூரியில்தான் படித்தேன் அண்ணி, காலையில் ஜெபம் சொல்லிவிட்டு சாயங்காலம் கோயிலுக்குப் போனோம், எனக்கு அந்தப் பயமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அங்கே யாரைக் கும்பிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, யார் கையால் சாப்பிடுகிறாய் என்பதில்தான் வருத்தம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

இந்தக் கடிதத்தை, ஒழுங்காக வீடு வந்து சேர் என்று எழுதத்தான் எடுத்தேன். எழுதுமுன் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். இத்தனை தடவை பார்த்தும் அந்த அம்மாவின் கையையே பார்த்திருக்கிறேன், உன் கையைப் பார்க்கவில்லை. ஜெருஷா உன் மடியில் தூங்குகிறாள், உன் இரண்டு கையும் அவள் தலைக்கடியில் இருக்கின்றன, பக்கத்தில் உன் தட்டு தொடாமல் இருக்கிறது. யாராவது ஊட்டினால்தான் உனக்கு அன்றைக்குச் சோறு. இன்னொன்றும் தோன்றியது. டியூட்டியை மாற்றிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தவள், அந்தப் பிள்ளை தன்னை விட்டு உன் மடியில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உனக்கு ஊட்டியிருக்கிறாள். அவளுக்கும் எரிந்திருக்கும். எரிந்தும் ஊட்டியிருக்கிறாள். எனக்கு அதற்குமேல் அவளைத் திட்ட வாய் வரவில்லை, ஆனால் எரிச்சல் முழுக்க அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

சரி, நில் கண்ணு. உன் டிக்கெட்டை நாளைக்கு கேன்சல் பண்ணச் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது முகாமிலும் ஒரு பெற்றோர் தினம் வருமே, அதற்கு நான் வருகிறேன். ஸ்டாஃபின் அம்மாவை உள்ளே விடுவார்களா என்று உங்கள் பெரியவர்களைக் கேள். கோவைக்கு வந்து உன் சித்தி வீட்டு அடுப்பில் அரிசிப் பருப்புச் சாதம் செய்து, நெய் ஊற்றிக் கொண்டு வருகிறேன். எல்லார் முன்னாலும் ஊட்டுவேன், அன்றைக்கு ஒரு நாள் கையைத் தட்டிவிடக் கூடாது. ஜெருஷாவுக்கும் ஒரு வாய் ஊட்டுவேன், அவள் அம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு பின்னிக்கொள்ளாதே, மழையில் ஓடைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதே. சென்னிமலை முருகனும், நீங்கள் அங்கே பாட்டுப் பாடிக் கும்பிடுகிற சாமியும் உன்னையும் உன் அறைப் பிள்ளைகளையும் ஒரு குறையுமில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் டிக்கெட் போட முடியும். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கென்று எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
சுஜாதா