இருபத்தோராம் நாள் தட்டு

இன்று காலை, மண் தடவி வைத்த இருபத்தோராம் நாள் கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்தேன். மழை விட்ட மஞ்சள் காட்டு மண்ணின் வாசனை முகத்தில் அடித்தது. உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது, மைசூரில் நம் ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஐந்தாம் நாளே தட்டைக் கழுவச் சொல்கிறார்கள்.

வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தட்டிலுள்ள, பூஞ்சை வளர்க்கும் கூழின்மேல் தடவினால், இரண்டே நாளில் பச்சைப் பூஞ்சை முழுத் தட்டையும் வளைத்துப் போட்டுவிடும். ஐந்தாம் நாள் எத்தனை வகைப் பூஞ்சை என்று எண்ணி, எழுதி, கழுவிக் கவிழ்ப்பது இங்கே வழக்கம். நீ மட்டும் அதற்கு முன்பே ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கடுகிலும் சின்னப் பூஞ்சைப் புள்ளிகளை ஊசியால் எடுத்து வேறு தட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பாய். நான் கேலி செய்வேன். "அதுங்க மொள்ளத்தான் வரும் புள்ள. நமக்கு அவசரம்னா அதுங்க என்ன பண்ணும்?" என்பாய். உன் கொள்ளேகால் தமிழ் அந்த அறையில் வேறு யாருக்கும் வராது.

நீ ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, இதென்ன குப்பை என்று ஆய்வுக்கூடத் தலைவர் சார் கேட்டார். உன் பதின்மூன்றாம் நாள் தட்டுகளைக் கழுவியது நான்தான். திரும்பி வந்து, கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தாய். "ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?" என்றாய். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கணக்கை மட்டும் வைத்து, அந்த மண் வந்த வயலுக்கு 'உயிரற்ற மண்' என்று அறிக்கை போனது. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த முறை வந்த மண் அனூர்ப் பக்கத்து மாதம்மாவுடையது. நாலு வருடமாக மஞ்சளுக்கு மருந்தடிக்காமல் வைராக்கியமாக இருக்கிறாள். மண் தேறவில்லை என்று அறிக்கை வந்தால் மறுநாளே மருந்தடிப்போம் என்று மகன்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் கணக்கில் மூன்றே வகைப் பூஞ்சை. நான் புள்ளிகளைப் பிரித்து வைத்துக் காத்திருந்தேன். இன்று எண்ணினால் பதினான்கு வகை; மண் உயிரோடுதான் இருக்கிறது.

புதுக் கணக்கைக் கொண்டுபோய் சார் மேஜைமேல் வைத்தேன். "ஐது தினா சாக்கம்மா!" என்று கன்னடத்தில் கத்தினார். ஐந்து நாள் போதுமாம். பழைய எண்ணிக்கைக்குக் கீழே என் கையெழுத்து வராது சார் என்றேன். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். எழுதுங்கள், நானும் எழுதுகிறேன் என்றேன். தாளைத் திரும்ப எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு கணக்கையும் ஒன்றாகப் பின் அடித்து அனுப்பினார்.

உடனே மாதம்மாவுக்கு போன் போட்டேன். "அப்ப எம்மண்ணு சாவலையா கண்ணு?" என்றாள். இல்லம்மா என்றேன். "இரு, பசங்ககிட்ட குடுக்கறேன், நீயே சொல்லு. நாஞ் சொன்னா நம்ப மாட்டானுங்க" என்றாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இந்தப் போகம் மருந்தடிக்க மாட்டோம் என்று பெரியவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

நீ இருந்தவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை. என்மேல் எனக்கிருக்கும் அந்த ஆத்திரம் ஆறவே வேண்டாம். நாளை அடுத்த வயலின் மண்ணைக் கரைக்கிறேன். யார் வந்து கழுவச் சொல்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.