றாக் கடைசலுக்குப் போயிருக்கிறது

1992 ஓகஸ்ட் 4, செவ்வாய்

சோளகக் காற்று ஓயவில்லை. கிறீஸ் எல்லாம் மணல், என் வாய் உட்பட.

ஸ்ரியரிங் றாக்கைக் கழற்றியாயிற்று. அது குறுக்கே நிற்கும் வரை எஞ்சினின் அடிச்சட்டி வராது. நான்கு நட்டில் மூன்று மரியாதையாக வந்தன. நாலாவது பதினொரு மணி வரை பிடிவாதம். சறோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்சாருங்கோ, கழட்டிறது சரி, பிறகு பூட்டத் தெரியுமோ?" பெண்சாதி என்றால் இப்படித்தான் கேட்கவேண்டும் என்று எங்கோ எழுதியிருக்கிறது போல.

பெயாரிங் நினைத்தபடியே. பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடி ஓடி ஒயில் தண்ணீராகி, எல்லாம் தேய்ந்து கிடக்கிறது. பழங்கார் ஒன்றில் கழற்றிய பெயாரிங் கைவசம் உண்டு.

மத்தியானம் பக்கத்து வளவு மாணிக்கம் அண்ணை வேலிப் படலையில். மகள் வசந்திக்கு இது பிள்ளைப்பேற்று மாதம். மருமகன் கொழும்பில், சண்டையால் வரப் பாதை இல்லை. ஒழுங்கையில் ஓடுகிற கார் என்னுடையது மட்டும்.

"எத்தினை நாள் செல்லும் தம்பி?"

"வெள்ளிக்கு முதல் பூட்டிப்போடுவன் அண்ணை. யோசியாதையுங்கோ."

ஓகஸ்ட் 7, வெள்ளி

எஞ்சின் முடிந்தது. கார்பரேற்றருக்குள் ஐந்து துளி பெற்றோல், ஒரு உதறல், பிறகு மண்ணெண்ணெயில் பிடித்துக்கொண்டது. தட்டுச் சத்தம் இல்லை. என் கையால் செய்தது. கொஞ்சம் பெருமை.

மீதி: றாக் பூட்ட வேண்டும். ஒரு மணித்தியால வேலை. தேத்தண்ணி குடித்துவிட்டுச் செய்யலாம் என்று இருந்தேன்.

அந்த நேரம் இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில். மரியாதையான பேச்சு. "ஐயா, கார் ஓடுதோ? ரெண்டு நாளைக்குத் தேவை." பின் ஒழுங்கை மாஸ்ரரின் காரையும் இரண்டு நாளைக்குத்தான் கொண்டுபோனார்கள். வைகாசியில். இன்னும் வரவில்லை. சாக்கில் கிடந்த றாக்கைக் காட்டினேன். "ஸ்ரியரிங்கே இல்லைத் தம்பியவை." தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை. றாக்கைச் சாக்கில் சுற்றி, விறகுக் கொட்டிலில் பனமட்டைகளுக்குக் கீழே வைத்தேன். கேட்பவர்களுக்கு: றாக் பட்டறைக்குக் கடைசலுக்குப் போயிருக்கிறது.

சறோ: "மாணிக்கம் அண்ணைக்கும் உந்தக் கதையைத்தான் சொல்லப் போறியளோ?"

அவருக்குச் சொன்னால் ஒழுங்கைக்கே தெரியும் என்றேன். உண்மைதான். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு, செத்தவீட்டுக்கு, பல்லுப் பிடுங்க என்று ஒருவரும் கார் கேட்டுப் படலை தட்டாத ஒரு வாரம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓகஸ்ட் 10, திங்கள்

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தது. தோள் நோவு.

மா. அண்ணை ஒரு கட்டு முருங்கைக்காயுடன் வந்தார். "கடைசல்காரர் தந்திட்டாரோ தம்பி?"

"இன்னும் தரேல்லை அண்ணை. நல்ல வேலைகாரர், ஆனால் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் செய்வார்."

இல்லாத மனிதருக்குக் குணம் வேறு வைக்கிறேன்.

"அவசரப்படுத்தாதையும். வேலை நல்லா வரட்டும்," என்றார். முருங்கைக்காய்க் கறி எனக்கு இறங்கவில்லை. சறோ இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

ஓகஸ்ட் 13, வியாழன்

காலை பத்து மணி. மா. அண்ணை ஓடி வந்தார், சால்வை இல்லாமல். "பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது." கார் கேட்க வரவில்லை. அதில்தான் ஸ்ரியரிங் இல்லையே. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று இழுவைப் பெட்டியோடு பிடித்திருக்கிறார். "பெட்டி குலுக்கும் தம்பி. காரின்ரை பின் சீற்றைக் கழட்டித் தாரும், பிள்ளை அதிலை படுக்கட்டும்."

கழற்றிக் கொடுத்தேன். நானே தூக்கிப் பெட்டியில் வைத்தேன், வசந்தியின் தலைக்குத் தலையணையும் வைத்தேன். விறகுக் கொட்டில் இருபதடி தூரத்தில்.

றாக் பூட்ட ஒரு மணித்தியாலம். லான்ட்மாஸ்ரர் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவ்வளவு செல்லும். ஆக வித்தியாசம் இல்லை என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். நான் வாய் திறக்காததற்கு அந்தக் கணக்கு காரணமில்லை. திறந்தால் ஆறு நாள் பொய் அவர் முன்னால் வந்து விழும். அதுதான்.

சறோ பெட்டியில் ஏறிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு றாக்கை எடுத்துப் பூட்டினேன். ஐம்பது நிமிடம். பூட்டிவிட்டு, பின்சீற் இல்லாத காருக்குள் இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

ஓகஸ்ட் 14, வெள்ளி

பெண் பிள்ளை. நேற்று வழியில் இருபாலை தாண்டும்போது, பெட்டிக்குள்ளேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் இப்போது ஆஸ்பத்திரியில், சுகம்.

 இன்று சோறு போடும்போது சறோ: "தொப்புள்கொடி கழுத்திலை சுத்தியிருந்தது. நான்தான் எடுத்துவிட்டனான். பிள்ளை நீலம்." அவ்வளவுதான். குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் மா. அண்ணை சீற்றைக் கொண்டுவந்தார். கிணற்றடியில் தானே சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார். "கறை முழுக்கப் போகேல்லைத் தம்பி, குறை நினையாதையும். உம்மடை சீற் இல்லாட்டி என்ரை பிள்ளை பிழைச்சிராள்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை இழுக்கவும் முடியவில்லை.

சொல்லத்தான் வாய் எடுத்தேன். வந்தது வேறு. "ஆசுப்பத்திரியாலை நான் காரிலை கூட்டிவாறன் அண்ணை. றாக் இண்டைக்குத்தான் வந்தது."

ஓகஸ்ட் 17, திங்கள்

காற்றுக் குறைவு. மா. அண்ணையும் சறோவும் நானும் ஆஸ்பத்திரிக்கு. ஸ்ரியரிங் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது, அவசரத்தில் பூட்டியது.

மா. அண்ணையின் மடியில் ஒரு குலை கப்பல் வாழைப்பழம். ஆஸ்பத்திரியில் யாருக்கோ என்று நினைத்தேன். திரும்பும்போதும் குலை மடியில். வசந்தியும் பிள்ளையும் பின்னால், அந்தக் கறைக்கு மேல் சீலை விரித்து.

"கடைசல்காரரிட்டை ஒருக்கா நிப்பாட்டும் தம்பி. என்ரை பேத்தி காரிலை வீடு போறது அவராலைதானே."

"அவர் இண்டைக்கு இருக்கமாட்டார் அண்ணை."

"பரவாயில்லை, பட்டறையிலை குடுத்திட்டு வருவம்."

சறோ பின்னால் பிள்ளையின் சீலையை இழுத்துவிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான். நல்லூர் தாண்டி, கல்வியங்காடு தாண்டி, கதவு திறந்திருந்த முதல் கடைசல் பட்டறையில் நிறுத்தினேன். வாழ்க்கையில் கால் வைக்காத இடம்.

அவர் குலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தம்பியின்ரை றாக்கைச் செய்து தந்ததுக்கு."

"எந்த றாக்? நான் உப்பிடி ஒண்டும் செய்யேல்லையே ஐயா."

மா. அண்ணை சிரித்தார். "செய்ததைச் சொல்லிக் காட்டாத மனிசர் நீர். பிடியும்."

பட்டறைக்காரர் வாசலுக்கு வந்து கார்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். வயதானவர். நான் தலையாட்டினேன்.  திரும்பிக் குலையை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளையை இறக்கியாயிற்று. இதை எழுதுகிற இந்த நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் மா. அண்ணை யாருக்கோ அந்தப் பட்டறைக்காரரின் நல்ல குணத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.