பிழைகளை ஒளித்த ஒரு வரி

நேற்றுத் தபாற்கந்தோரில் பழைய பிரிண்டர் ஒன்று கறகறவென்று அடித்துக்கொண்டிருந்தது. சூடேறிய ரிபன் மையின் மணம் மூக்கில் பட்டதும், முத்திரை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

சண்டை நடந்த அந்த வருடம் நீங்களும் நானும் திருகோணமலை நிவாரணக் கந்தோரில் வேலை செய்தோம். அகதி முகாம்களிலிருந்து பிளொப்பித் தட்டில் வரும் பெயர்களைச் சேர்த்து, அதே மாதிரிப் பிரிண்டர் ஒன்றில் பட்டியல் அடிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அரிசி. பெயர்களைத் தானாகச் சேர்க்கும் கட்டளைகள் கொண்ட பட்ச் கோப்பு நான் எழுதியது. பிழைச் செய்திகள் திரையை நிறைத்துக் கரைச்சல் தந்ததால், அவை எங்குமே தெரியாமல் போகட்டும் என்று வரிகளின் கடைசியில் 2>nul என்று போட்டுவிட்டேன்.

ஈச்சிலம்பற்று முகாமிலிருந்து ஒரு தாய் படகேறி வந்தா.

“மூண்டு கிழமையா எங்களுக்கு ஒண்டும் வரேல்லை, பிள்ளை. கஞ்சி வைக்கவும் ஏலாமல் கிடக்கு.”

பட்டியலைப் புரட்டினேன். அந்த முகாமே அதில் இல்லை.

நீங்கள் கோப்பைத் திறந்து பார்த்தீர்கள்.

“ஆர் இதைப் போட்டது?”

“நான்தான்.”

நீங்கள் ஏசவில்லை. nul என்பதை அழித்து, பிழைகள் தனிக் கோப்பொன்றில் பதியும்படி மாற்றி ஓட்டினீர்கள். அதில் ஒரே ஒரு வரி விழுந்தது: அந்த முகாமின் கோப்பைக் காணவில்லை. பிளொப்பி பழுதாகியிருந்தது. கணினி மூன்று கிழமையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் அதன் வாயைப் பொத்தியிருந்தேன்.

“நான் போய்ப் பெயரெல்லாம் எழுதிக்கொண்டு வாறன்,” என்றீர்கள்.

“பாதை சரியில்லை, ஷெல்லடி நடக்குது. பிழை விட்டது நான், நானே போறன்.”

“நீங்கள் இருந்து மற்ற முகாமுகளையும் சரிபாருங்கோ.”

நாலாம் நாள் மூதூர்ப் படகில் ஒரு கொப்பி மட்டும் வந்தது. எல்லாப் பெயர்களும் உங்கள் கையெழுத்தில் இருந்தன. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “விடுபட்ட ரெண்டு குடும்பத்தைப் பதியத் திரும்பிப் போனவர். அங்க ஷெல் விழுந்திட்டுது.”

எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் கலங்கக் கலங்க, அத்தனை பெயர்களையும் அன்றைக்கே தட்டி முடித்தேன். அந்தக் கிழமை அவர்களுக்கு அரிசி போனது.

செத்தவீட்டில் உங்கள் அம்மா என் கையை விடவேயில்லை. “ஏன் பிள்ளை அவன் அங்க போனவன்?”

“கந்தோர் வேலை, அம்மா,” என்றேன். என் பிழையைச் சொல்லவில்லை.

அவவும் இப்போது இல்லை. அந்த மறுமொழியைத் திருத்திச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் வேறு ஆளில்லை.