அழி என்கிற பட்டன்

மார்ச் 4
இன்று காலை மட்டும் முப்பத்தொரு புகார். எவனோ ஒருவன் ‘இதை எழுதின முட்டாள் யார்’ என்று கேட்டிருக்கிறான். நான்தான்டா. யார் வேண்டுமானாலும் எடுத்து இணையத்தில் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு மன்றத்தை நடத்திக்கொள்ளட்டும் என்று ஏழு வருஷமாக இந்த மென்பொருளை எழுதித் திறந்து போட்டிருக்கிறேன். ஓசியில் எடுத்துக்கொண்டு அதிகாரம் வேறு. சீ, என்ன ஜனங்கள்.

மார்ச் 6
என்னோடு சேர்ந்து எழுதுகிற ஆந்தை ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். (முகம் பார்த்ததில்லை. ஆந்தைப் படம்தான் அவர் அடையாளம்.) பக்கங்கள் சீக்கிரம் திறக்குமாம். நானூறு வரி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது நாங்களே வைத்த விதி. புகார்களைப் பார்த்த எரிச்சலில் படிக்கவே இல்லை. ‘சரி’ என்று போட்டுச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 9
புதுப் பதிப்பு போன மன்றங்களில் எல்லாம், அழித்த பதிவுகள் திரும்பி வந்துவிட்டன.

எங்கள் ‘அழி’ பட்டன் எதையும் அழிப்பதில்லை. மறைத்து வைக்கும், அவ்வளவுதான். தவறி அழுத்துகிறவர்களுக்காக அப்படிச் செய்தோம். ஆந்தையின் திருத்தம் அந்த மறைப்பை எடுத்துவிட்டது. போதாததற்கு ‘உங்கள் பதிவு வெளியானது’ என்று எழுதியவருக்கே, முழுப் பதிவோடு, மெயிலும் போயிருக்கிறது.

மதியத்துக்குள் சரிசெய்தோம். அப்புறம்தான் அக்காவின் மன்றம் ஞாபகம் வந்தது. புருஷனிடம் அடிபடுகிற பதினொரு பெண்கள் பேசிக்கொள்ளும் இடம். நான்தான் என் சர்வரில் அமைத்துக் கொடுத்தேன். “அழிச்சா அழிஞ்சிடும்ல?” என்று அன்றைக்கே கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லச் சோம்பல்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 10
அக்கா ஒரே ஒரு பையோடு வந்திருக்கிறாள். உதடு கிழிந்திருக்கிறது. அடி விழுந்த அன்றன்றே எழுதி, பயந்துபோய் அன்றன்றே அழித்திருக்கிறாள், மூன்று வருஷமாக. அத்தனையும் மெயிலாக வந்து நிற்க, வீட்டுக் கம்ப்யூட்டரில் மாமா படித்திருக்கிறார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. “அழிஞ்சிடும்னுதானே சொன்னே?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஆளை நினைத்தால் வெறுப்பாக வருகிறது. என்னை நினைத்தாலும்தான். அந்த ‘சரி’யைத் தட்டிய விரலைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கு. படிச்சிருந்தா பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

மார்ச் 11
ஆந்தையை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன். “படிச்சிட்டுதானே சரின்னு போட்டீங்க?” என்று ஒரு வரி வந்தது.

மார்ச் 14
அழி என்றால் அழிய வேண்டும். மாற்றி எழுதி முடித்தேன். முதலில் அக்காவின் மன்றத்தில்தான் ஓட்டினேன். மறைந்து கிடந்த அத்தனையும், காப்புப் பிரதிகளோடு, போயே போய்விட்டன. அவசரப்படாதீர்கள், எழுதினவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று ஆந்தை சொல்லியிருந்தார். புத்தி சொல்ல வந்துவிட்டார், பெரிய மனுஷர்.

ஐந்து நாளில் இன்றுதான் சோறு இறங்கியது.

மார்ச் 19
அக்கா வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. தான் தொட்டதே இல்லை, அவளாக விழுந்தாள் என்கிறாராம் மாமா. அன்றன்று தேதியோடு எழுதிவைத்தது ஏதாவது இருந்தால் போதும், அவரை அசையவிடாமல் செய்துவிடலாம் என்றாராம் வக்கீல்.

நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மெயில் எல்லாத்தையும் அவர் அழிச்சிட்டார்டீ. போகட்டும். உன் பட்டன்தான் எதையும் அழிக்காதே, எடுத்துக் குடு.”

எடுக்கிறேன் என்று சொல்லித் திரையைத் திறந்து வைத்திருக்கிறேன். சமையலறையில் எனக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.